காங்கோ சதுக்கத்துக்கு இசை வரலாற்றில் ஏன் இவ்வளவு மதிப்பு?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ட்ரெமே பகுதியில், லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கும் கல் பாவிய திடல் இது. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்கள் ஓய்வு நாளான ஞாயிறன்று இங்கே கூடி, சந்தை போட்டு, பாடி ஆடினார்கள். 1817இல் நகர நிர்வாகம், ஞாயிறன்று குறித்த இடத்தில் மட்டுமே அவர்கள் கூடலாம் என்றது. அந்த இடம் இதுதான். 1819இல் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப், இங்கே கண்ட முரசுகளையும் சுரைக்குடுக்கையால் செய்த நரம்புக் கருவியையும் படமாகவே வரைந்து வைத்தார். அமெரிக்காவின் பல இடங்களில் அடிமைகள் முரசு கொட்டவே தடை இருந்த காலம் அது! அதனால்தான் இங்கே பிழைத்த தாளங்கள் இவ்வளவு முக்கியம். பிற்கால ஜாஸிலும் தெரு ஊர்வல இசையிலும் அவற்றின் சாயல் தெளிவாகக் கேட்கும்.

அப்புறம், 1893இல் இதற்கு அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதி ஒருவரின் பெயரை வைத்தார்கள். 2011இல்தான் காங்கோ சதுக்கம் என்ற பெயர் அதிகாரபூர்வமானது.