நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்குகிறது, ஓடினால் சரியாகிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டை மாற்ற வேண்டுமா?

நுவரெலியாவில் ஓடும் பழைய பெட்ரோல் ஓட்டோ கியர் கார் என்று சொல்கிறீர்கள். கராஜில் மவுண்ட் என்றார்களாம். காசு கொடுக்க முன் ஒரு சோதனை செய்யுங்கள்.

எஞ்சின் சூடான பின் சமதரையில் பிரேக்கை நன்றாக மிதித்தபடி டிரைவில் போட்டுப் பாருங்கள், அப்புறம் நியூட்ரலில். நியூட்ரலில் நடுக்கம் பெரும்பாலும் அடங்கினால் மவுண்ட் ரப்பரைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் விட்டுவிட்டு உதறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் இருக்கலாம்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, எஞ்சினை நிறுத்தி ஒரு கொயிலின் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம்) வயரை மட்டும் கழற்றி, ஸ்டார்ட் செய்து சில விநாடி ஓடவிடுங்கள். உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் பழுது அங்கேதான். அந்தக் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டரில் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் கொயில். இல்லாவிட்டால் பிளக் அல்லது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

எல்லாச் சிலிண்டரும் நன்றாக இருந்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் பொடி (throttle body) அழுக்கேறியிருக்கிறதா, வேக்யூம் குழாய் வெடித்துக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். குழாயில் 'உஸ்' என்று சத்தம் வரும்.

உயரமும் காரணமா என்று கேட்டீர்கள். நுவரெலியா 1,868 மீட்டர். காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜெக்ஷன் கார் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கொழும்பில் டியூன் செய்த கார்பரேட்டர் வண்டிதான் இங்கே பெட்ரோல் கூடி பிளக்கைக் கரியாக்கும்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ரம்பொடை ஏற்றத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.