ஓட்டில் விழும் கல்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஓட்டு வீடு. ஆடி பிறந்ததிலிருந்து விளக்கு வைத்த பிறகு கூரையில் கல் விழுகிறது. ராத்திரியில் சுவரைத் தட்டும் சத்தம். போன வாரம் கொடியில் கிடந்த சேலை எரிந்தது. குட்டிச்சாத்தான் ஏவல் என்று சொல்லி, அதை எடுக்க மாந்திரீகர் ஒருவர் முப்பதாயிரம் கேட்கிறார். என் மைத்துனரோ, ஆற்றில் தண்ணீர் வந்தால் பூமிக்கடியில் அழுத்தம் ஏறி இப்படி நடக்கும் என்று வெளிநாட்டில் எழுதியிருக்கிறார்கள் என்கிறார். அந்த வீட்டில் எட்டாவது படிக்கும் பெண் இருக்கிறாள். அவள் இருக்கும்போதுதான் நடக்கிறதாம். எதை நம்புவது?

ஜி., மன்னார்குடி வட்டம்

அன்புள்ள ஜி.,

சத்தம், கல், தீ மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றுக்குக் காரணம் தெரியாததால் மற்றதும் பேயின் வேலை ஆகிவிடுகிறது.

உங்கள் மைத்துனர் சொல்வது, கை லாம்பர்ட் (Guy Lambert) என்ற ஆங்கிலேயர் 1955இல் முன்வைத்த கருத்து. நிலத்தடி நீர் பெருகி வீட்டையே அசைக்கிறது என்றார். பின்னர் ஆலன் கௌல்டு, டோனி கார்னெல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இடிக்கவிருந்த வீட்டில் அதிர்வு இயந்திரம் பொருத்திச் சோதித்தார்கள். வீடு குலுங்கியது, ஆனால் சாமான்கள் சாட்சிகள் சொல்வதுபோல் பறக்கவில்லை.

சத்தத்துக்கு மட்டும் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். கோடையில் வெடித்த களிமண் ஈரம் கண்டதும் உப்பும். அஸ்திவாரம் ஆழமில்லாத சுவர் விரியும், கதவு இறுகும். போர் மோட்டாரை நிறுத்தும்போது வால்வு சட்டென்று மூடி, கிளிப் கழன்ற குழாய் சுவரில் அடிக்கும். பரணில் மரநாய் இருந்தால் காலையில் பழவிதை கலந்த எச்சம் கிடக்கும்.

கல்தான் அதிகம் பேசும். நம் வண்டல் மண்ணில் கல் கிடையாது. விழுவது கருங்கல் ஜல்லி என்றால் யாரோ கொண்டுவந்து கொட்டியது: வீடு கட்டும் இடம், ரோட்டு வேலை, ரயில் பாதை. பக்கத்தில் எந்தக் குவியல் என்று பார்த்து, பொழுது சாயும் முன் யாருக்கும் சொல்லாமல் அதன் மேல் சுண்ணாம்பு நீர் தெளித்துவையுங்கள். விழும் கல்லில் வெள்ளை இருந்தால் அது அந்தக் குவியலிலிருந்து எடுத்தது. விழும் ஒவ்வொரு கல்லிலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஓட்டின் எந்தச் சரிவில் பட்டது என்று குறியுங்கள். தெருவிலிருந்து எறிந்தால் பெரும்பாலும் தெருப்பக்கச் சரிவில்தான் படும். ஓடு உடையாமலும் நகராமலும் கல் உள்ளே கிடந்தால், சன்னலும் சாத்தியிருந்தால், அது உள்ளேயிருந்தே வந்தது. அந்த நிமிடம் வீட்டில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை உடனே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள்.

தீயில் மட்டும் காத்திருக்க வேண்டாம். தீப்பெட்டி, மண்ணெண்ணெய், கொசுவர்த்தி எல்லாவற்றையும் இன்றே பூட்டுங்கள். சேலை கீழ்விளிம்பிலிருந்து எரிந்திருந்தால் கை வைத்த தீ என்று சந்தேகிக்கலாம். மேலே ஒயர் போகிறது என்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்தப் பெண். இந்த விவாதத்தில் எதிரெதிரே நிற்பவர்களும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: பல சம்பவங்கள் ஒருவரைச் சுற்றியே நடக்கின்றன, அவர் பெரும்பாலும் வளரும் பிள்ளை. மன இறுக்கம் ஒருவகை ஆற்றலாக வெளியேறிப் பொருளை நகர்த்துகிறது என்றார் இத்தகைய சம்பவங்களை ஆராய்ந்த வில்லியம் ரோல். அப்படி ஓர் ஆற்றல் இன்றுவரை கட்டுப்பாடான சோதனையில் நிரூபணமாகவில்லை. 1984இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 14 வயதுப் பெண் ஒருத்தி விளக்கை இழுத்துத் தள்ளுவது ஓடிக்கொண்டிருந்த டிவி கேமராவில் பதிவானது. கை செய்தது என்பதையே நான் ஏற்கிறேன். ஆனால் 'பிடிபட்டாள்' என்பதோடு விஷயம் முடிவதில்லை. இலங்கையில் இத்தகைய வீடுகளை ஆராய்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் கோவூர் ஆளைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அவர் மனத்தில் என்ன கிடக்கிறது என்றும் தேடினார்.

ஆகவே குறிப்புகள் அவளைக் காட்டினாலும் தெருவில் சொல்லாதீர்கள். அவள் நம்பும் அத்தையோ டீச்சரோ தனியாக உட்காரவைத்துப் பேசட்டும். "நீதானே?" என்று தொடங்க வேண்டாம். ஆடிக்கு முன் வீட்டில் என்ன நடந்தது, படிப்பை நிறுத்தப் பேச்சா, கல்யாணப் பேச்சா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேட்கட்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டலாம்.

பூஜைக்குப் பிறகு நின்றது என்று சிலர் சொல்வார்கள். கௌல்டும் கார்னெலும் தொகுத்த இதுபோன்ற 500 சம்பவங்களில் ஏறக்குறைய கால்பங்குதான் ஓராண்டைத் தாண்டியது. பூஜை இல்லாமலும் இவை ஓய்கின்றன. மாந்திரீகர் அடுத்ததாக அந்தப் பெண்ணுக்கே பேயோட்ட வேண்டும் என்பார். வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை என்று யாராவது பேசினால் அன்றே 1098க்கு அழையுங்கள். அது குழந்தைகளுக்கான கட்டணமில்லா உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.