பாங்காக்கில் அன்னையர் தினத்துக்குப் பள்ளிக்குப் போகணுமா?

தங்கச்சி, "அன்னையர் தினம் மே மாதம்தானே, மகள் பள்ளியில் ஆகஸ்டில் வரச் சொல்கிறார்களே, போயே ஆகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்குக் கட்டாயம் போங்கள்.

மே இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம். இங்கே தாய்லாந்தில் 1950 முதல் ஏப்ரல் 15-இல் கொண்டாடியதை, 1976-இல் ராணி சிரிகித்தின் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-க்கு மாற்றினார்கள். அவர் பிறந்தது வெள்ளிக்கிழமை, இவர்களுக்குக் கிழமைக்கு ஒரு நிறம், வெள்ளிக்கு வெளிர்நீலம், அதனால்தான் அன்றைக்கு எங்கே பார்த்தாலும் நீலச் சட்டை. அப்பாக்களுக்கு அவர் கணவர் மன்னர் பூமிபோல் பிறந்த டிசம்பர் 5. ராணி 2025 அக்டோபரில் காலமானார். அரச குடும்பத்தைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில்கூட விளையாட்டாக எதுவும் எழுதிவிடாதீர்கள், சட்டப்பிரிவு 112-இல் மாட்டினால் 3 முதல் 15 வருஷம் வரை உள்ளே. நம் ஆட்கள் சிலர் ஊர் டீக்கடையில் பேசுகிற வாயோடு இங்கே வந்து இறங்குகிறார்கள், கேட்கிற எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

12-ஆம் தேதி அரசு விடுமுறை என்பதால் பள்ளியில் பெரும்பாலும் முன்கூட்டியே விழா வைத்துவிடுவார்கள். அம்மாக்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைப்பார்கள், பிள்ளைகள் எதிரே மண்டியிட்டுக் கும்பிடுவார்கள். பதறிப்போய் எழுந்திருக்காதீர்கள், காலை இழுத்துக்கொள்ளாதீர்கள். மகள் மல்லிகைச் சரம் தருவாள், நாரில் கட்டியதில்லை, நீள ஊசியில் மொட்டு மொட்டாகக் கோத்தது. கை தானாகப் பின்னலுக்குப் போகும், ஆனால் அது தலையில் வைக்கிற பூ இல்லை. வெளியே வாங்குவதானால் முந்தின நாளுக்கு விடாதீர்கள், பாக்குளோங் பூச்சந்தையில் விலை ஏறிவிடும்.

நான் வந்த புதிதில் இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. பக்கத்து ஃபிளாட் தமிழ்க்காரம்மா "இதெல்லாம் இவங்க சடங்கு, நமக்கெதுக்கு, வேலைக்காரப் பெண்ணை அனுப்பு" என்றார். அவர் பிள்ளைக்கு அந்தப் பெண்தான் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் போனேன். பக்கத்தில் நூடுல்ஸ் கடைக்கார அம்மா ஒருத்தி, எனக்கு பாஷை தெரியாது என்று பார்த்ததும் என் முழங்காலைத் தட்டித் தட்டியே எப்போது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் கடையில்தான் நான் இவர்கள் மொழியே பழகினேன், இப்போது சீலோம் மாரியம்மன் கோவில் வாசலில் பூவுக்கு நான் பேரம் பேசினால் கடைக்காரிக்கே சிரிப்பு வரும். ஃபிளாட்காரம்மா அத்தனை வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார், தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல்.