முந்திரி வாங்க கானா போகிறீர்களா? கொட்டையை வெட்டும் முன் வணக்கம் சொல்லுங்கள்

கேள்வி: பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். வரும் பிப்ரவரி சீசனில் கொள்முதலுக்காக ஆறு மாதம் கானாவில் உள்ள டெச்சிமானுக்கு அனுப்புகிறார்கள். தேடிப் பார்த்தால் தலைநகர் அக்ராவின் கடற்கரையும் அடிமைக் கோட்டைகளும்தான் வருகின்றன. நான் போகும் ஊர் எப்படி? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: நீங்கள் பார்த்த படங்கள் பொய்யில்லை. ஆனால் அவை உங்கள் ஊர் இல்லை. போர்த்துகீசியர் 1482-இல் கட்டத் தொடங்கிய எல்மினா கோட்டை கடலோரத்தில் இருக்கிறது. டெச்சிமானோ அக்ராவிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உள்ளே தள்ளி. கொள்முதல் கணக்குப் பார்க்க சில சீசன்கள் அந்தப் பக்கம் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடற்கரையை மறந்துவிட்டு வரைபடத்தின் நடுவைப் பாருங்கள்.

அக்ராவைச் சுற்றி மழை குறைந்த புல்வெளி. அதைத் தாண்டி குமாசிப் பக்கம் காடு, கொக்கோ, ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். இன்னும் வடக்கே டமாலேயில் மறுபடி புல்வெளி, ஒரே மழைக்காலம். காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது டெச்சிமான். இரண்டு நிலத்து விளைச்சலும் அங்கேதான் கைமாறுகிறது. அந்தச் சந்தையைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். யாமெனும் கிழங்கை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். முந்திரி அங்கே செழிப்பதும் இதனால்தான். பூக்கிற நேரத்தில் அதற்கு வறட்சி வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த வறட்சியோடு வருவது ஹர்மாட்டான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து புழுதியைச் சுமந்து வரும் காற்று. சூரியன் நிலா மாதிரி மங்கித் தெரியும். உதடு வெடிக்கும், இரவில் போர்வை கேட்கும். உள்ளூர்க்காரர்கள் ஷியா என்ற கொட்டையின் வெண்ணெயைத் தடவுவார்கள், சந்தையில் உருண்டையாகக் கிடைக்கும். அந்தக் காற்றில் கொட்டை நன்றாகக் காய்ந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்த பிறகு வரும் மூட்டைகளில்தான் ஈரத்தைக் கவனிக்க வேண்டும்.

இனி மனிதர்கள். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அங்கே எல்லோரையும் குமாசிப் பக்கத்து ‘அசாந்தி’ இனத்தவர் என்று நினைப்பது. டெச்சிமான்காரர்கள் போனோ மக்கள். அக்கான் மொழிக் குடும்பம் ஒன்றுதான், ஆனால் அரசு வேறு. போனோ அரசை அசாந்திகள் 1720-களில் வென்றார்கள். அந்த வடு இன்னும் ஆறவில்லை. 1959-இல் அசாந்தியிலிருந்து பிரிந்து தனி மாகாணம் ஆனார்கள். 2019-இல் அதையும் பிரித்தபோது டெச்சிமான் போனோ கிழக்கு மாகாணத்தின் தலைநகரானது. ஆகவே டீக்கடைப் பேச்சில்கூட “நீங்கள் அசாந்திதானே” என்று கேட்டுவைக்காதீர்கள்.

அசாந்திகளின் கதையும் சாதாரணமானதல்ல. அவர்களின் உயிரே தங்க முக்காலியில் இருப்பதாக நம்பிக்கை. அரசர்கூட அதில் உட்காருவதில்லை. 1900-இல் ஆங்கிலேய ஆளுநர் ஹாட்ஜ்சன் அதைத் தனக்கு உட்காரக் கேட்டார். எஜிசுவின் ராணித்தாய் யா அசாந்தேவா போரைத் தொடங்கினார். போரில் தோற்று, செஷெல்ஸ் தீவில் சிறையிருந்து 1921-இல் இறந்தார். முக்காலி மட்டும் ஆங்கிலேயருக்குக் கிடைக்கவே இல்லை.

‘யா’ என்றால் வியாழக்கிழமை பிறந்த பெண். அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளி பிறந்த ஆண் கோஃபி (கோஃபி அன்னான்), சனி க்வாமே (க்வாமே இங்குருமா). போகும் முன் அம்மாவிடம் உங்கள் கிழமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் பத்துப் பேராவது கேட்பார்கள், சொன்னதும் முகம் மலரும். அதுவரை நீங்கள் ‘ஒப்ருனி’, அதாவது வெளிநாட்டான். குழந்தைகள் கத்திக் கூப்பிடுவார்கள்; திட்டு இல்லை.

இப்போது வணக்கம். ஆங்கிலம் ஆட்சிமொழி, வேலை நடந்துவிடும். ஆனாலும் காலையில் ‘மாச்சே’, மதியம் ‘மாஹா’, மாலையில் ‘மாஜோ’, நன்றிக்கு ‘மெதாசே’ என்ற நாலு சொல் வேண்டும். உள்ளே வருகிறவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பலர் உட்கார்ந்திருந்தால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கை குலுக்குங்கள். இடது கையை நீட்டவே கூடாது, வழி காட்டக்கூட. இது நம் வீட்டு வழக்கம்தான், அதனால் சிரமம் இருக்காது.

வீட்டுக்குப் போனால் நாற்காலி போட்டுத் தண்ணீர் தருவார்கள். குடித்து முடிக்கும்வரை யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். பிறகு ‘அமனே’, வந்த சேதி என்ன என்று கேட்பார்கள். அப்போதுதான் பேச்சு. என் முதல் சீசனில் ஒரு விவசாயி வீட்டில் தண்ணீர் வரும் முன்பே கால்குலேட்டரை எடுத்துவிட்டேன். அவர் சிரித்தபடியே கேட்டுக்கொண்டார். மூட்டைகள் மறுநாள் வேறொருவர் லாரியில் ஏறின. இத்தனைக்கும் நான் சொன்ன விலைதான் கூடுதல்.

ஊர்த் தலைவரைப் பார்க்க நேர்ந்தால் நேராக அவரிடம் பேசக்கூடாது. ‘ஒச்சியாமே’ எனும், தலைவருக்காகப் பேசுபவர், கையில் செதுக்கிய கோலோடு நிற்பார். நீங்கள் அவரிடம் சொல்ல, அவர் தலைவரிடம் சொல்வார். கால்மேல் கால் போடாதீர்கள். ஷ்னாப்ஸ் மது ஒரு புட்டி கொண்டுபோவது வழக்கம்; எதை வாங்குவது என்று உள்ளூர்ப் பணியாளரையே கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் ஊரே கறுப்பும் சிவப்பும் உடுத்தித் திரியும். துக்க வீடு. உங்கள் முகவரின் உறவில் சாவு என்றால் போய்த் தலைகாட்டுங்கள். மேசை போட்டு நோட்டில் எழுதி, ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிப்பார்கள். மொய் எழுதிப் பழகிய ஊரிலிருந்து போகிற நமக்கு விளக்கவே வேண்டாம்.

சாப்பாடு: சோறு கிடைக்கும். பயறு சேர்த்த வாச்சே சோறு காலைப் பசிக்கு நல்லது. இடித்த கிழங்கு உருண்டையான ஃபூஃபூவை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். சைவம் என்றால் “இறைச்சி வேண்டாம்” போதாது, மீனையும் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் கணக்கில் மீன் பொடி இறைச்சியில்லை.

பயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். 1957 மார்ச் 6-இல் விடுதலை பெற்ற நாடு. ராணுவ ஆட்சிகள் பலவற்றைக் கண்டது உண்மை; ஆனால் 1992 அரசமைப்புக்குப் பிறகு தேர்தலில் தோற்ற கட்சி ஆட்சியை ஒப்படைப்பது பழக்கமாகிவிட்டது. உங்களுக்கு உண்மையான எதிரி கொசு. வலைக்குள் தூங்குங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிய பின் வந்தாலும் மருத்துவரிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தரும் அட்டை ஆயுளுக்கும் செல்லும். அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். அக்ராவில் இறங்கும்போது ஒருமுறை, திரும்பி சென்னையில் இறங்கும்போது ஒருமுறை கேட்பார்கள். இல்லையென்றால் நம்மூரிலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.