டார் கோப்பை அவிழ்க்கும் முன் ஒரு முறை எட்டிப் பாருங்கள்

கேள்வி: பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன்களை வைத்து ஒரு சிறு இணையதளம் நடத்துகிறேன். ஹோஸ்டிங் மாற்றுவதற்காகப் பழைய சர்வரிலிருந்து 'பேக்கப்.டார்.ஜிஇசட்' என்ற கோப்பை இறக்கி, என் உபுண்டு கணினியில் பிரித்தேன். ஹோம் ஃபோல்டர் முழுக்கக் கோப்புகள் சிதறிவிட்டன. இதை எப்படிச் சுத்தம் செய்வது? புதிய சர்வருக்கு ஒழுங்காகக் கட்டி அனுப்புவது எப்படி? எந்த எழுத்தை எந்த வரிசையில் தட்டுவது என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

பதில்: முதலில் சிதறியதைக் கூட்டி அள்ளுவோம். ஹோம் ஃபோல்டரைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்திருப்பீர்கள், பலன் இருந்திருக்காது. பழைய சர்வரில் ஒரு கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி எதுவோ, அதையே டார் (பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டி அவிழ்க்கும் கருவி) இங்கும் திரும்பப் போட்டுவிடும். இன்று காலை வந்து விழுந்த கோப்பும் பத்து வருடப் பழசு போலத்தான் தெரியும். ஆனால் லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் இன்னொரு நேரத்தையும் குறித்து வைக்கிறது: அதன் நிலை கடைசியாக மாறிய நேரம். அதை டாரால் மாற்ற முடியாது. டெர்மினலில் 'எல்எஸ் -எல்டிசி' என்று கொடுங்கள், புதிதாக வந்தவை எல்லாம் மேலே வரிசையாக நிற்கும். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

அவற்றை அழிக்காதீர்கள். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் நகர்த்துங்கள். பேக்கப்பின் பட்டியலை அப்படியே அழிக்கும் கட்டளைக்கு அனுப்பிவிடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே உங்களிடம் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்திருந்தால், டார் கேட்காமலே அதன் மேல் எழுதியிருக்கும். 'இமேஜஸ்' போன்ற பெயரில் உங்கள் ஃபோல்டர் ஒன்று இருந்தால், வந்தவையும் பழையவையும் அதற்குள் கலந்து கிடக்கும். எது யாருடையது என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது. முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் கட்டளை) போட்டுப் பிரித்தீர்களா? அப்படியானால் ஹோம் ஃபோல்டரின் உரிமையாளரும் அனுமதிகளும்கூட மாறியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

இனி எழுத்துகள். வேலையைச் சொல்லும் எழுத்துகளில் முக்கியமானவை மூன்று: சி என்றால் கட்டு, எக்ஸ் என்றால் அவிழ், டி என்றால் உள்ளே இருப்பதைப் பட்டியலிடு. இந்த மூன்றில் மக்கள் மறந்துபோவது டி. எந்த டார் கோப்பு வந்தாலும் முதலில் 'டார் -டிஎஃப் பேக்கப்.டார்.ஜிஇசட்' என்று கொடுங்கள். எல்லா வரியும் ஒரே ஃபோல்டர் பெயரில் தொடங்கினால் நிம்மதி. வெறும் கோப்புப் பெயர்களோ, புள்ளியும் சாய்கோடுமாகத் தொடங்கும் வரிகளோ வந்தால், அவிழ்க்கும் இடமெல்லாம் சிதறும் என்று அர்த்தம். உங்களுக்கு நடந்தது அதுதான். அப்போது முதலில் காலி ஃபோல்டர் ஒன்றைப் போட்டுவிட்டு, 'டார் -எக்ஸ்எஃப் பேக்கப்.டார்.ஜிஇசட் -சி பழையது' என்று கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி சி பெரிய எழுத்து. 'அந்த ஃபோல்டருக்குள் போய் வேலை செய்' என்று சொல்வது அது. ஃபோல்டரை அதுவே உருவாக்கித் தராது. அவிழ்க்கும்போது இசட் (ஜிஇசட் சுருக்கத்தைக் குறிக்கும் எழுத்து) போட வேண்டியதில்லை, எப்படிச் சுருக்கப்பட்டது என்பதை இன்றைய டார் தானே கண்டுகொள்ளும்.

வரிசைக் குழப்பத்துக்குக் காரணம் எஃப். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தபோது டார் காந்த நாடாவில் எழுதுவதற்கான கருவி. நாடாவை விட்டு ஒரு கோப்பில் எழுதச் சொன்னால்தான் எஃப் தேவைப்பட்டது. எனவே எஃப் வந்த உடனே, அதை ஒட்டி எது வருகிறதோ அதையே டார் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். '-சிஎஃப்இசட்' என்று தட்டினால் 'இசட்' என்ற பெயரில் சுருக்கப்படாத ஒரு கோப்பு உருவாகும். நீங்கள் கொடுத்த பெயரை உள்ளே சேர்க்க வேண்டிய கோப்பாக நினைத்துத் தேடி, காணோம் என்று புலம்பும். எஃப் எப்போதும் கடைசி எழுத்தாக இருக்கட்டும். இதைவிட மோசமானது, கோப்பின் பெயரைக் கொடுக்க மறந்து, '-சிஎஃப்' போட்டதும் ஸ்கேன் படங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவது. முதல் படத்தின் பெயரையே டார் தன் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தை அழித்து அதன் மேல் எழுதிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

கட்டுவதற்கு வருவோம். உங்கள் தளம் 'வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ' ஃபோல்டருக்குள் 'நூலகம்' என்ற பெயரில் இருக்கிறது என்று வையுங்கள். தளத்துக்கு உள்ளே நின்று கட்டாதீர்கள், அதனால்தான் அவிழ்க்கிறவர் வீட்டில் சிதறுகிறது. 'டார் -சிஇசட்எஃப் பேக்கப்.டார்.ஜிஇசட் -சி /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ நூலகம்' என்று கொடுத்தால் (இங்கும் தனியாக நிற்கும் சி பெரிய எழுத்து) எல்லாம் 'நூலகம்' என்ற ஒரே கூரையின் கீழ் வரும். கேஷ் ஃபோல்டர் வேண்டாம் என்றால் '--எக்ஸ்க்ளூட்' ஆப்ஷனை ஃபோல்டர் பெயருக்கு முன்னால் கொடுங்கள். ஸ்கேன்கள் ஜேபெக் என்றால் இசட்டே வேண்டாம். அவை ஏற்கெனவே சுருங்கியவை, மறுபடி சுருக்கினால் நேரம்தான் போகும், அளவு குறையாது. தவிர, டார்.ஜிஇசட் மொத்தமும் ஒரே நீளச் சுருக்கம். ஒரே ஒரு படத்தை எடுக்க வேண்டுமென்றாலும் தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஒரு கோப்பை மட்டும் எடுக்க, அவிழ்க்கும் கட்டளையின் கடைசியில் அதன் பெயரைச் சேர்த்தால் போதும். ஆனால் பட்டியலில் எப்படித் தெரிகிறதோ அப்படியே கொடுக்க வேண்டும். முன்னால் புள்ளியும் சாய்கோடும் இருந்தால் அதையும் சேர்த்துத் தட்டுங்கள்.

கட்டி முடித்ததும் சி-க்குப் பதில் '--டிஃப்' போட்டு ஓட்டினால், கட்டில் இருப்பதை டிஸ்கில் இருப்பதோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைச் சொல்லும். கட்டும்போதே 'படிக்கும்போது கோப்பு மாறியது' என்று எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம். லாக் கோப்பு என்றால் பரவாயில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை டாரில் அள்ளிப்போட்டிருந்தால் அது பேக்கப்பே இல்லை. டேட்டாபேஸை 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' கொண்டு தனியாக எடுத்து, அந்தக் கோப்பைக் கட்டில் சேருங்கள்.

கடைசியாகத் தமிழ்ப் பெயர்கள். புதிய சர்வரில் பட்டியலிட்டுப் பார்க்கும்போது 'த' இருக்க வேண்டிய இடத்தில் \340\256\244 என்று எண்களாக வந்தால் பதற வேண்டாம். அந்த எழுத்தின் மூன்று பைட்டுகள்தான் அவை. பெயர் கெடவில்லை, சர்வரின் லோகேல் (மொழி, எழுத்துக்கான அமைப்பு) தமிழையும் காட்டக்கூடிய யூடிஎஃப்-8 ஆக இல்லை, அவ்வளவுதான். அதை மாற்றினால் தமிழ் தெரியும். உண்மையான சிக்கல் நீளமான பெயர்களில் வரும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட் வரைதான் போகலாம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு சரி. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு: 'தமிழ்' என்பதே 5 குறியீடு, 15 பைட். விண்டோஸில் இதைவிட மூன்று மடங்கு நீளப் பெயரையும் வைக்கலாம். அங்கே ஸ்கேன் செய்து, நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் பழக்கம் இருந்தால், லினக்ஸில் அவிழ்க்கும்போது அந்தக் கோப்புகள் மட்டும் 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடும். கட்டுவதற்கு முன் விண்டோஸிலேயே பெயரைச் சுருக்கிவிடுங்கள்.