கேள்வி–பதில்: பால் மறந்த பன்றிக்குட்டிக்கு லைசின் கணக்கு

கேள்வி: 45 நாளில் தாயிடமிருந்து பிரித்த வெண்பன்றிக் குட்டிகள், எடை 9 கிலோ. மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 30, ஆலைத் தவிடு 30 என்று அரைத்துப் போடுகிறேன். புரதம் 20 சதவீதம் வருகிறது என்கிறார்கள். ஆனாலும் எடை ஏறவில்லை. முடி சிலிர்த்து நிற்கிறது, கழிச்சல் வேறு. புண்ணாக்கைக் கூட்டலாமா?
– வாசகர், செங்குன்றம்

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள். உங்கள் கலவையில் புரதம் குறையவில்லை, லைசின்தான் குறைகிறது. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனது, அதில் ஒன்றுதான் லைசின். 100 கிலோவில் கடலைப் புண்ணாக்கு தரும் லைசின் சுமார் 450 கிராம், தவிடு 180, மக்காச்சோளம் 100. மொத்தம் 730 கிராம். இந்த வயதுக் குட்டிக்கு வேண்டியதோ கிட்டத்தட்ட 1,400 கிராம். உளுந்து ஒரு படிதான் இருக்கிறதென்றால், எட்டுப் படி அரிசி ஊறவைத்தாலும் நாலு படிக்கான இட்லிதான் பூவாக வரும். குட்டியின் உடம்பும் அப்படித்தான் சதை வைக்கிறது: லைசின் எவ்வளவோ, அவ்வளவே.

மிச்சப் புரதம் சும்மா கிடக்காது. செரித்த பகுதி யூரியாவாகிச் சிறுநீரில் போகும். செரிக்காத பகுதி பெருங்குடலில் புளித்து, ஈ-கோலை போன்ற கிருமிகளுக்குத் தீனியாகும். பால் மறந்த புதிதில் குட்டியின் இரைப்பையில் அமிலச் சுரப்பும் குறைவு, அதனால் செரிக்காத பகுதி கூடும். உங்கள் கொட்டகைக் கழிச்சலுக்கு இது பெரிய காரணமாக இருக்கலாம். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சு இருந்தால் கேடு இன்னும் கூடும்.

மற்ற அமினோ அமிலங்களும் லைசினுக்கு ஏற்ற விகிதத்தில் வேண்டும். லைசினை 100 என்று வைத்தால், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 57 முதல் 60, திரியோனின் 63 முதல் 65, டிரிப்டோபேன் 18, வேலின் 67 அளவில் இருக்க வேண்டும். திரியோனினை அலட்சியம் செய்யாதீர்கள். குடலின் உட்புறத்தைக் காக்கும் சளிப்படலம் உருவாக அது நிறைய வேண்டும். டிரிப்டோபேன் குறைந்தால் குட்டி தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.

100 கிலோவுக்கு இப்படிக் கலக்குங்கள்: மக்காச்சோளம் 46 கிலோ, நொய் 15, சோயாப் புண்ணாக்கு 20, உப்பில்லாத மீன்தூள் 6, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 5, தவிடு 3, எண்ணெய் 2, வைட்டமின் சேர்ந்த தாது உப்புக் கலவை 2, உப்பு 250 கிராம். இத்துடன் பொடியாக விற்கும் அமினோ அமிலங்கள்: லைசின் ஹைட்ரோகுளோரைடு 400 கிராம், டிஎல்-மெத்தியோனின் 150, திரியோனின் 160, டிரிப்டோபேன் 30. புரதம் 19 முதல் 20 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும், லைசின் 1.4 சதவீதம் வந்துவிடும். வேலின் தனியாக வேண்டாம், தானியமும் சோயாவுமே தந்துவிடுகின்றன. நொய்க்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. தவிடு வாங்கும் ஆலையிலேயே கேளுங்கள், குட்டிக்கு அது எளிதில் செரிக்கும். பச்சைச் சோயாவை மட்டும் அரைத்துப் போடக் கூடாது. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் புரதத்தைச் செரிக்க விடாது.

பழைய தீவனத்திலிருந்து ஐந்து நாளில் படிப்படியாக மாறுங்கள். கழிச்சலில் ரத்தம் கண்டாலோ காய்ச்சல் அடித்தாலோ தீவனத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கால்நடை மருத்துவமனை உள்ள மாதவரம், வேப்பேரி இரண்டும் உங்களுக்குத் தூரமில்லை.

கேள்வி: மீன்தூளுக்குப் பதில் கழிவுக் கருவாட்டை இடித்துப் போடலாமா? இங்கே மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகர், காசிமேடு

பதில்: உப்புக் கருவாடு வேண்டாம். உப்பு ஏறி, தண்ணீரும் கிடைக்காமல் போனால் குட்டி தள்ளாடும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், வலிப்பு வரும். அப்போது ஒரேயடியாகத் தண்ணீர் காட்டினாலும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தர வேண்டும். உப்பிடாமல் காயவைத்த பொடிமீன் என்றால் வாங்கலாம். ஒரு பிடித் தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள்.

கேள்வி: லைசின், மெத்தியோனின் வாங்கி, வெல்லம் போட்ட கஞ்சி கொதிக்கும்போதே கலந்து ஊற்றுகிறேன். சில குட்டி தேறுகிறது, சில தேறவில்லை. அளவை இரட்டிப்பாக்கலாமா?
– வாசகர், மீஞ்சூர்

பதில்: கொதிக்கிற இடத்தில்தான் தவறு. சூட்டில் லைசின் வெல்லத்தின் சர்க்கரையோடு பிணைந்துகொள்ளும். கஞ்சி கூடுதலாகப் பழுப்பேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப் பிணைந்த லைசின் குட்டிக்குப் பயன்படாது. கஞ்சி கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கலக்குங்கள், உலர் தீவனத்தில் கலந்தால் இன்னும் நல்லது.

இரட்டிப்பாக்க வேண்டாம். லைசின் கூடினால் அடுத்துக் குறைவது திரியோனினாக இருக்கும், வளர்ச்சி அங்கே நிற்கும். மெத்தியோனின் மிகுந்தால் குட்டி தின்பதையே குறைத்துவிடும்.

சில குட்டி மட்டும் தேறுவது கலவை சீராக இல்லாததைக் காட்டுகிறது. எடை போட்ட பொடிகளை முதலில் 1 கிலோ சோள மாவில் கலந்து, அதை 5 கிலோவில், பிறகு மொத்தக் குவியலில் சேருங்கள். மண்வெட்டியால் குவியலை ஐந்து முறையாவது இடம் மாற்றிப் புரட்டுங்கள். தொட்டியில் இடமும் போதாதிருக்கலாம். எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் வாய் வைக்க முடிகிறதா என்று நின்று பாருங்கள்.