கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் என்ன தொழில் நடக்கிறது, எந்தச் செலவு கையைக் கடிக்கும்?

முதலில் தையல். சீனத்துத் துணி சிறு பட்டறைகளில் ஆயத்த ஆடையாகி ரஷ்யாவுக்கும் கஜகஸ்தானுக்கும் போகிறது. 2015இல் கிர்கிஸ்தான், ரஷ்யாவும் கஜகஸ்தானும் உள்ள யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்தபின் அந்தப் பாதையில் சுங்கவரி இல்லை. மொத்த வியாபாரத்துக்குத் தோர்தோய் சந்தை: கப்பல் கன்டெய்னர்கள் இரண்டடுக்காக நிற்கும், கீழே கடை, மேலே கிடங்கு.

ரொட்டி, பால், பஸ் எல்லாம் மலிவு. வாடகைதான் கடிக்கும், 2022இல் ரஷ்யர்கள் வந்து குவிந்ததும் எகிறியது. வீடு பார்க்கும்போது, வீட்டைச் சூடாக்கும் நகரத்தின் பொது வெந்நீர்க்குழாய் இணைப்பு உண்டா என்றுதான் முதலில் கேட்கவேண்டும். அது இல்லாத புறநகர் வீட்டில் வாடகை குறைவு. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை நிலக்கரி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும் (புகைமூட்டம் இலவசம்). ஹீட்டர் போட்டால் மாதம் 700 யூனிட்டுக்குமேல் மின்கட்டண விகிதம் ஏறும்.